பூட்டுப் படம் போட்டவன்

அத்திப்பட்டு வேம்புலியோடு பயமும் கூடவே பிறந்தது. போலீஸ்காரர் என்று மட்டும் இல்லை. ரயிலில் டிக்கெட் பார்க்கிறவர், அம்மை ஊசி போட வருகிறவர், குரலை உயர்த்திப் பேசுகிற மாட்டு வியாபாரி, யாரைக் கண்டாலும் அவன் ஒளிய இடம் தேடுவான். டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டே டிக்கெட் எடுக்காதவன் மாதிரி திருதிருவென்று முழிப்பான். அப்பேர்ப்பட்ட ஆள், எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த எழுபத்தாறாம் வருஷம், ரயில் பாதையைப் பார்த்தாற்போல் இருந்த ஒரு சுவரில், வாய்க்குப் பூட்டு போட்ட மனுஷ முகம் ஒன்றை ஆள் உயரத்துக்கும் மேலே வரைந்துவிட்டு வந்தான் என்றால் யார் நம்புவார்கள்? யாரும் நம்பவில்லை. அதனால் வந்ததுதான் இவ்வளவும்.

அவனுடைய அப்பா கன்னியப்பன் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்தவர். அந்த நிலமெல்லாம் தொழிற்பேட்டைக்குப் போய், நெல் நின்ற இடத்தில் தகரக் கூரையும் லேத் பட்டறையும் வந்தபோது, கன்னியப்பன் அதே நிலத்தில் அஸ்திவாரம் தோண்டக் கூலிக்குப் போனார். வேம்புலியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துப் பார்த்தார்கள். வாத்தியார் பிரம்பை மேஜைமேல் வைத்த சத்தம் கேட்டதுமே பையன் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடிவந்து வைக்கோல் போருக்குள் ஒளிந்துகொண்டான். அதோடு படிப்பு முடிந்தது. எழுத்து என்பது கடைசிவரை அவனுக்கு ஒரு வகைப் படம்தான். எதைக் காட்டினாலும் அச்சாக அப்படியே வரைந்துவிடுவான், ஆனால் அது என்ன என்று கேட்டால் தெரியாது.

அவனுக்குக் கை வந்தது கூத்தில். ஆடி மாசம் அம்மன் கோயிலில் கூத்து கட்ட வருகிறவர்களுக்கு முகத்தில் அரிதாரம் பூசிவிடும் வேலைக்கு, மீசை முளைக்கிற வயசிலேயே போய் ஒட்டிக்கொண்டான். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கடைசியில் உட்கார்ந்திருக்கிற பொம்பளைக்கும் ராஜா கோபமாக இருக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவேண்டும். அதனால் கண்ணைப் பெரிதாக எழுதவேண்டும், மையைக் காதுவரை இழுக்கவேண்டும். அந்தக் கண்ணை வேம்புலி விடவே இல்லை. பிற்பாடு எத்தனையோ சுவரில் எத்தனையோ முகம் போட்டான். பல்பொடி விளம்பரத்தில் சிரிக்கிற பெண்ணுக்கும் கூத்துக் கண்தான், ஓட்டுக் கேட்கிற வேட்பாளருக்கும் கூத்துக் கண்தான்.

மற்றதை எங்கெங்கோ பொறுக்கினான். மளிகைக் கடைக் காலண்டரில் சாமியின் கன்னத்தில் சிவப்பு எங்கே ஆரம்பித்து எங்கே கரைகிறது என்று கடைக்காரர் விரட்டும்வரை பார்த்துக்கொண்டு நிற்பான். தீப்பெட்டி மேல்தாளைக் கிழித்துச் சேர்த்தான். டவுனுக்குப் போய், சினிமா பேனர் எழுதுகிற கொட்டகைக்கு எதிரில் பசியோடு நாள் முழுக்க நின்று, சின்னப் படத்தின்மேல் கட்டம் போட்டுப் பெரிசாக்குகிற வித்தையைக் கற்றுக்கொண்டான். உள்ளே போய்க் கேட்டிருந்தால் வேலையே கொடுத்திருப்பார்கள். கேட்கப் பயம்.

அவனைச் சுவருக்கு இழுத்து வந்தது அவன் மச்சான் துலுக்கானம். வேம்புலி கட்டிக்கொண்ட சாமுண்டீஸ்வரிக்குக் கூடப் பிறந்த அண்ணன். வேம்புலியைவிட இரண்டொரு வயசுதான் பெரியவன், எட்டாவது வரை படித்தவன், யாரிடமும் சத்தமாகப் பேசக்கூடியவன். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சின்னத் தட்டி மறைப்பில் பெயிண்ட் டப்பாக்களை அடுக்கிக் கடை போட்டிருந்தான். துலுக்கானம் எழுத்து, வேம்புலி படம். சுண்ணாம்பு அடித்த சுவரில் இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையில் காவி தோய்த்த நூலைப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். கோட்டுக்கு மேலே ஒருவன், கீழே ஒருவன். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை அந்த இரண்டு கைகள் படாத சுவர் குறைவு.

வேலை முடிந்ததும் வலது பக்க மூலையில், சன்னமான பிரஷ்ஷால், நீலத்தில் "துலுக்கானம், அம்பத்தூர்" என்று எழுதவேண்டும். கடைசியாகச் சுவரை விட்டு இறங்குகிறவன் அதை எழுதிவிட்டு இறங்குவான். அது விளம்பரம், அதைப் பார்த்துத்தான் அடுத்த ஆள் தேடி வருவான். வேம்புலி பல வருஷமாக அந்தப் பேரை எழுதி எழுதி, சாப்பிட்டதும் கை கழுவுகிற மாதிரி அது அவனுக்கு ஆகிவிட்டது. தன் பேரை எழுத அவனுக்குத் தெரியாது, எழுதிக் காட்டச் சொல்லி யாரையும் அவன் கேட்டதும் இல்லை.

எழுபத்தாறு தை மாசம் மாநில ஆட்சியைக் கலைத்தார்கள். மறுநாளே அம்பத்தூர் முகம் மாறிவிட்டது. நேற்றுவரை கொடி கட்டின சைக்கிளில் போனவர்கள் கொடியை அவிழ்த்து அடுப்பில் போட்டார்கள். யார் யாரையோ பிடித்துப் போனார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்று வீட்டுக்காரிக்கும் தெரியவில்லை. டீக்கடையில் ரேடியோ மட்டும் பேசியது. கட்சிச் சுவர்களையெல்லாம் வெள்ளையடிக்கச் சொன்னார்கள், துலுக்கானமும் வேம்புலியும் தாங்கள் எழுதினதைத் தாங்களே அழித்தார்கள். அதற்குப் பிறகு கிடைத்த வேலை குடும்பக் கட்டுப்பாடு விளம்பரம்தான். சிவப்பு முக்கோணம், அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள்.

"மாப்ளே, இன்னா இது, அந்தம்மா முழி ராட்சசி முழி மாதிரி கீது? பாக்கற பொம்பளைங்க ஓடிப் பூடுவாங்க" என்பான் துலுக்கானம்.

"இன்னா மச்சான் பண்றது, கை அப்பிடித்தான் போவுது" என்பான் வேம்புலி.

அப்படி இருக்கும்போதுதான் குணசேகரன் வந்தான். தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவன், சங்கத்துக்காரன். வேலைநிறுத்தம் என்று வாயைத் திறந்ததற்கு அவனையும் இன்னும் சிலரையும் வெளியே தள்ளியிருந்தார்கள். துலுக்கானம் கடையில் இல்லாத சமயம் பார்த்து வந்து வேம்புலி காதோடு பேசினான்.

"எழுத்தெல்லாம் வாணாம் அண்ணாத்தே. படம் மட்டும் போட்டுக் குடு. பட்டரவாக்கம் போற வழியில மூடிக் கெடக்குதே கிடங்கு, ரயில்ல போறவன் எல்லாம் பாப்பான்."

"இன்னா படம்?"

"உனுக்கு இன்னா தோணுதோ அது. இப்ப நாம எப்பிடிக் கீறோம்? அத்தப் போடு."

வேம்புலி முடியாது என்றுதான் சொன்னான். கையெடுத்துக் கும்பிட்டு, ஆளை விட்டால் போதும் என்று அனுப்பிவைத்தான். ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. இத்தனை வருஷத்தில் அதைப் போடு இதைப் போடு என்று சொன்னவர்கள்தான் உண்டு, உனக்கு என்ன தோன்றுகிறது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. சோறு தின்னும்போது கண் முன்னே ஒரு முகம் வந்தது, பெரிய கண், வாயில் பூட்டு. பொழுது விடிந்தால் வந்தது, குளத்தில் குளித்தால் வந்தது. அது வரவர அவனுக்குப் பயம் அதிகமாயிற்று. பயந்து பயந்தே, போட்டால்தான் இது தொலையும் என்று முடிவுக்கு வந்தான். இதென்ன கணக்கு என்று நாம் கேட்கலாம். பயந்தவன் கணக்கு அப்படித்தான் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில் போனான். திருட்டுத்தனமாக இருட்டில் போனால்தான் பிடிப்பார்கள், பகலில் சுவரில் படம் போடுகிறவனை யார் கேட்கப்போகிறார்கள் என்பது குணசேகரன் யோசனை. முதலில் மேலே காவியால் ஒரு சிவப்பு முக்கோணத்தைப் போட்டான். அது பாதுகாப்புக்கு. பிறகு கட்டம்கூடப் போடாமல் கண்ணை ஆரம்பித்தான். இரண்டு கண்ணும் முடிந்தபோது பின்னால் சைக்கிள் பிரேக் போடுகிற சத்தம் கேட்டது. திரும்பினால் போலீஸ்காரர்.

வேம்புலி பிரஷ்ஷைக் கீழே வைக்கவும் மறந்தான். பிரஷ்ஷிலிருந்து காவி சொட்டிக் கால் விரலெல்லாம் சிவப்பாயிற்று.

"இன்னாடா படம் அது?"

"கு... குடும்பக் கட்டுப்பாடுங்க ஐயா."

"வெறும் கண்ணுதான கீது?"

"மீதி இனிமேதாங்க ஐயா."

"அப்பனா, ஆயாவா?"

"அப்பன்தாங்க."

போலீஸ்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்துப் பார்த்தார். "அப்பன்னா மீசை வையிடா. மீசை இல்லாம நல்லா இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். வேம்புலி அந்த முகத்துக்கு மீசை வைக்க நினைக்கவே இல்லை. ஆனால் போலீஸ் சொல்லிவிட்டதே. பெரிய மீசையாகவே வைத்து, அதற்குக் கீழே உதட்டில் பூட்டைத் தொங்கவிட்டான்.

முடித்து நாலடி பின்னால் தள்ளி நின்று பார்த்தபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இது என்னுடையது என்று ஒரு நினைப்பு வந்தது. பிறந்ததிலிருந்து அவனுக்கு வராத நினைப்பு. ஒரு ரயில் போயிற்று. ஜன்னலெல்லாம் தலைகள் இந்தப் பக்கம் திரும்பின. சந்தோஷத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் மிச்ச வேலையை முடித்து, டப்பாக்களைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு குறுக்குவழியில் வீட்டுக்கு ஓடிவந்தான்.

சாமுண்டீஸ்வரி சோறு போட்டாள். கையைத் தட்டில் வைக்கப்போனவன் அப்படியே நிறுத்தினான். ஆள்காட்டி விரல் நுனியில் நீலம் ஒட்டியிருந்தது.

படத்தில் நீலமே இல்லை. காவி, வெள்ளை, கறுப்பு, அவ்வளவுதான். நீலம் எதற்கு எடுப்பான்? மூலையில் எழுதத்தான் எடுப்பான். படம் முடிந்தது, பின்னால் தள்ளி நின்று பார்த்தாயிற்று, பிறகு கை தானாகவே சன்னப் பிரஷ்ஷைத் தேடி எடுத்து, வலது மூலையில் குனிந்து, எப்போதும் போல எழுதிவிட்டு வந்துவிட்டது. தன் பேரைக்கூட இல்லை, மச்சான் பேரை. ஊர்ப் பேரையும் சேர்த்து.

"இன்னாயா, பேயறைஞ்ச மாதிரி கீற? சோறு ஆறுது பாரு" என்றாள் அவள்.

சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். சுண்ணாம்பு டப்பாவையும் அதை அடிக்கிற மட்டையையும் எடுத்துக்கொண்டு திரும்ப ஓடினான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கிடங்குச் சுவரின் முன்னால் ரயில்வே கூலிகள் சிலர் பீடி குடித்துக்கொண்டு படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். போங்கப்பா என்று சொல்ல வேம்புலிக்கு வாய் வரவில்லை. அவர்கள் பார்க்கிறபோதே போய் மூலையை மட்டும் வெள்ளையடித்தால், நான்தான் போட்டேன் என்று சொல்வது மாதிரி ஆகிவிடாதா? முள்செடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தான். அவர்கள் போவதாகத் தெரியவில்லை. நாளைக்குக் காலையில் வந்து அழித்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டான்.

காலையில் ரயிலில் போனான். பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்தால் பக்கம். கிடங்கு வந்ததும் ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்துப் பார்த்தான். சுவருக்கு முன்னால் ஜீப் நின்றது. காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வலது மூலையில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பட்டரவாக்கம் வந்தது, வேம்புலி இறங்கவில்லை. கொரட்டூர் வந்தது, இறங்கவில்லை. வில்லிவாக்கத்தில் கூட்டம் தள்ளி வெளியே கொண்டுவந்து விட்டது. அங்கிருந்தாவது பஸ் பிடித்து ஓ.டி.க்கு ஓடி, மச்சான் எங்கேயாவது போய்விடு என்று சொல்லியிருக்கலாம். அவன் பிளாட்பாரத்து வேப்ப மரத்தடியில் காலை மடக்கி உட்கார்ந்து, திரும்பிப் போகிற அடுத்த ரயிலில் ஏறலாம் என்று காத்திருந்தான். அது வந்தது, ஏறவில்லை. வெயில் ஏறினபிறகு நடந்தே திரும்பினான்.

அதற்குள் துலுக்கானத்தைக் கடையிலிருந்து பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வீட்டு வாசலில் துலுக்கானத்தின் சம்சாரம் பார்வதம் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மூன்று பிள்ளைகளும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றன. சாமுண்டீஸ்வரி புருஷனைப் பார்த்ததும் ஓடிவந்தாள்.

"யோவ், எங்கண்ணனை இட்டுகினு பூட்டாங்கயா. எதோ படம் போட்டுதாம். அது எங்கயா படம் போடும்? நீ போய்ச் சொல்லேன்யா."

வேம்புலி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். தெருவில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தன்னைப் பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று சமையல் இடத்துக்குள் போய் நின்றான். சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று அன்று பூராவும் வாயைத் திறந்து திறந்து மூடினான். குணசேகரனைத் தேடிப் போனால், அவன் அறையைப் பூட்டிக்கொண்டு திண்டிவனம் பக்கம் போய்விட்டானாம்.

மறுநாள் பார்வதம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வந்தாள். அவளுக்கு அழக்கூடத் தெம்பு இல்லை.

"அவரே ஒத்துகினாராம். சொவத்தாண்ட இட்டுகினு போய்க் காட்டுனாங்களாம். மொதல்ல நானில்லன்னாராம். படத்தப் பாத்துட்டு, ஆமா நான்தான்னு சொல்லிட்டாராம். ஏன் அப்பிடிச் சொன்னாரு? யாரு அவரு வாயப் புடுங்குனது?"

வேம்புலிக்கு உடனே புரிந்தது. மச்சான் சுவரில் அந்தக் கண்ணைப் பார்த்திருப்பான். பார்த்ததும் யார் கை என்று தெரிந்திருக்கும்.

பார்வதம் போனதும் பெண்டாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னான். குணசேகரன் வந்தது, மீசை வைத்தது, விரலில் நீலம், ரயிலை விட்டு இறங்காதது, ஒன்றையும் விடவில்லை. அவள் அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அது எங்கண்ணன். நீ எம் புருசன். நான் இன்னான்னு சொல்வேன்? போன்னும் சொல்ல மாட்டேன், போவாதன்னும் சொல்ல மாட்டேன்" என்றாள். சொன்னாளே தவிர, பெட்டியைத் திறந்து வெளுத்த கைலி ஒன்றையும் துண்டையும் எடுத்துப் பையில் போட்டு, பையை அவன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

அந்தப் பையோடு அவன் ஸ்டேஷனுக்கு நடந்தான். வழியில் இரண்டு தடவை ஒதுங்கி வாந்தியெடுத்தான். வாசலில் நின்ற போலீஸ்காரர், யார், எதற்கு வந்தாய் என்று கேட்டபோது பேச்சு வராமல் பையைக் காட்டினான். துணி கொடுக்க வந்தவன் என்று அவர் உள்ளே விட்டார்.

மீசை வைக்கச் சொன்ன போலீஸ்காரரைக் காணவில்லை; அது தான் சொல்லி வைத்த மீசை என்று அவர் யாரிடமும் மூச்சு விட்டிருக்க மாட்டார். உள்ளே மேஜையில் சப்-இன்ஸ்பெக்டர் இருந்தார். அவருக்குப் பின்னால் கம்பிகள். கம்பிகளுக்குள் துலுக்கானம். உதடு வீங்கி, ஒரு கண் பாதி மூடியிருந்தது. அவனை அந்தக் கோலத்தில் பார்த்ததும் வேம்புலிக்கு வாய் தானாகத் திறந்தது.

"ஐயா, அது நான்தாங்க போட்டேன். அவரு இல்லீங்க. நான்தாங்க."

சப்-இன்ஸ்பெக்டர் தலையை நிமிர்த்தினார். அவர் பேசுவதற்கு முன்னால் கம்பிக்குள்ளிருந்து துலுக்கானம் சத்தம் போட்டான்.

"சார், அவன் பேச்சக் கேக்காதீங்க சார். எந்தங்கச்சி புருசன். சுண்ணாம்பு அடிக்கிற ஆளு. எம்மேல பாசத்துல வந்து ஒளர்றான். அவனுக்கு ஒரு கோடு இழுக்கத் தெரியாது சார். தோ பாருங்க, நடுங்கறத."

"பேரை எழுதத் தெரியுமாடா உனக்கு?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"தெரியாதுங்க" என்றான் வேம்புலி. ஒரு பேரை எழுதத் தெரியும் என்று அவன் சொல்லவில்லை.

"எழுதத் தெரியாது, படம் போட்டு மூலையில பேரு எழுதினியா? சரி, இந்தா." மேஜையிலிருந்த சாக்பீஸ் துண்டைத் தரையில் வீசினார். "போடு. அந்த மூஞ்சியைப் போடு பாக்கலாம்."

வேம்புலி குந்தினான். சிமெண்டுத் தரை, நன்றாக வழவழவென்று இருந்தது. அவன் கை அதற்கு முன்னால் எத்தனை ஆயிரம் கண்களை எழுதியிருக்கும்! இடது கண்ணின் மேல்கோடு ஒரே இழுப்பு, காதுவரை. அந்த ஒரு கோட்டை இழுத்தால் போதும், இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரிந்துவிடும். மச்சான் வெளியே வந்துவிடுவான், தான் உள்ளே போய்விடுவோம். சாக்பீஸைத் தரையில் வைத்தான். பக்கத்தில் ஒரு லத்தி சாத்தி வைத்திருந்தது, அதன் முனை அவன் கண்ணில் பட்டது. கை உதறியது. கோடு கோணிக்கொண்டு போயிற்று. இன்னொன்று இழுத்தான், அதுவும் கோணிற்று. ஒரு வட்டம் போட்டான், வட்டம் மூடவில்லை. உள்ளே இரண்டு புள்ளி வைத்தான். சின்னக் குழந்தை கிறுக்கியது போல ஒரு முகம் தரையில் கிடந்தது.

போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். சப்-இன்ஸ்பெக்டரும் சிரித்தார். "துணியைக் குடுத்துட்டு ஓடிப்போ" என்றார்.

வேம்புலி எழுந்தான். பையைக் கம்பி வழியாகக் கொடுக்கும்போது மச்சான் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே வந்து, புளியமரம் தாண்டி, ஆள் இல்லாத இடத்தில் கையை விரித்துப் பார்த்தான். கை ஆடாமல் இருந்தது. மண்ணில் குச்சியால் ஒரு கண் எழுதிப் பார்த்தான், அப்படியே வந்தது. அப்போதுதான் அவனுக்கு உண்மையான பயம் பிடித்தது. உள்ளே கை நடுங்கியதா, இல்லை தானே நடுக்கினானா? யோசித்து யோசித்துப் பார்த்தான். அவனுக்கே தெரியவில்லை.

துலுக்கானத்தை முதலில் மெட்ராஸ் ஜெயிலுக்கும், பிறகு வெளியூருக்கும் கொண்டுபோனார்கள். வேம்புலி கடையைத் திறந்தான். இரண்டு குடும்பத்துக்கும் அவன் கைதான் சோறு போட்டது. கிடங்குச் சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வேண்டும் என்று வந்து அவனையே கூட்டிப்போனார்கள். தன் படத்தைத் தானே இரண்டு பூச்சுப் பூசி மறைத்தான். அந்த வருஷம் அவன் போட்ட முகங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கண்ணெல்லாம் சிறுத்துப்போய்விட்டது. குடும்பக் கட்டுப்பாட்டு அப்பாவும் அம்மாவும் கண் கூசுகிறவர்கள் மாதிரி இருந்தார்கள். ஒரு படத்துக்கும் மூலையில் அவன் எந்தப் பேரையும் எழுதவில்லை. இவ்வளவும் போதாதென்று ஊரில் எல்லாரும், மச்சானுக்காக ஸ்டேஷன்வரை போன மாப்பிள்ளை என்று அவனைப் புகழ்ந்தார்கள். யாராவது புகழ ஆரம்பித்தால் வேலை இருக்கிறது என்று நழுவிவிடுவான். மச்சான் சீக்கிரம் வரவேண்டும் என்று பொன்னியம்மனுக்கு விளக்குப் போட்டான். வந்தால் என்ன கேட்பானோ என்றும் பயந்தான். பதினைந்து வருஷம் பக்கத்திலேயே நின்று தன் கோட்டைப் பார்த்தவன். அவன் ஒருத்தனுக்குத்தான் தெரிந்திருக்கும், எது தானாகக் கோணின கோடு, எது கோணவைத்த கோடு என்று.

மறு வருஷம் எலெக்ஷன் அறிவிப்பு வந்ததும் துலுக்கானத்தை விட்டார்கள். அம்பத்தூர் ரயில்வே ஸ்டேஷனில் மேளம் வைத்து மாலை போட்டார்கள். பூட்டுப் படம் போட்ட துலுக்கானம் என்று மைக்கில் கூப்பிட்டார்கள். பாதியாக இளைத்துப் போயிருந்தான், இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தான். மேடையில் ஒரு படம் போட்டுக் காட்டச் சொன்னார்கள். இருமிக் காட்டிவிட்டு, உடம்பு சரியில்லை என்று இறங்கிவிட்டான். வேம்புலி கூட்டத்தின் கடைசியில் நின்று கைதட்டினான்.

துலுக்கானம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வந்த மூன்றாம் நாள் சாரத்தில் ஏறிவிட்டான். எங்கே பார்த்தாலும் எலெக்ஷன் வேலை. பழைய மாதிரியே ஆளுக்கொரு முனையில் நூலைப் பிடித்தார்கள், சுண்டினார்கள். அவன் பேசாமல் இருக்க இருக்க வேம்புலிக்கு உள்ளே அரித்துக்கொண்டே போயிற்று. ஒரு நாள் மதியம், கள்ளிக்குப்பத்துச் சுவர் ஒன்றில், அவனால் தாங்க முடியவில்லை.

"மச்சான்."

"இன்னா மாப்ளே."

"ஏன் மச்சான் நீ ஒத்துகின?"

"பேரு என்னுது. நான் இல்லன்னா வுடுவானா? உன்னையும் சேத்து இட்டாருவான். அப்பறம் ரெண்டு ஊட்டுக்கும் யாரு உலை வக்கிறது? வேலையப் பாரு."

வேம்புலி வேலையைப் பார்க்கவில்லை. பிரஷ்ஷை டப்பாவில் வைத்தான்.

"அன்னிக்கி ஸ்டேஷன்ல, தரையில கிறுக்கனனே. நீ கம்பிக்கு அந்தாண்ட நின்னுகினு பாத்த. எங்கை நெஜமாவே நடுங்கிச்சா மச்சான், இல்ல நானா அப்பிடிப் போட்டனா? ஒரு வருசமா எனுக்குத் தெரில. நீ சொல்லு. எதுவா இருந்தாலும் சொல்லு."

துலுக்கானம் எழுதிக்கொண்டிருந்த எழுத்தை முடித்துவிட்டுத்தான் திரும்பினான்.

"நான் எங்க மாப்ளே பாத்தேன்? நீ பாட்டுக்கு நல்லாப் போட்டுத் தொலைச்சிடுவியோன்னு பயந்துகினு, ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிகினேன். நான் தொறக்கறப்ப நீ எழுந்து நின்னுகினு கீற."

சொல்லிவிட்டு அவன் அடுத்த எழுத்துக்குப் போய்விட்டான். வேம்புலி மச்சானின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டானா, தனக்காக அப்படிச் சொல்கிறானா? அதைக் கேட்க வாய்வரை வந்தது. கேட்கப் பயமாக இருந்தது.